விரலிடம் சொல்லாத கதை: வீடியோ கேம் எழுத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கால் ஆஃப் டூட்டி: அட்வான்ஸ்டு வார்ஃபேர்’ விளையாட்டில் ஓர் இறுதிச் சடங்குக் காட்சி உண்டு. போரில் இறந்த நண்பனின் சவப்பெட்டிக்கு முன்னால் நாயகன் போய் நிற்கையில், மரியாதை செலுத்த இன்ன பொத்தானை அழுத்தவும் என்று திரையில் ஒரு வரி தோன்றும். கணினியில் ஆடியவர்களுக்கு அது எஃப் விசை. அழவைக்க எழுதப்பட்ட அந்தக் காட்சி இணையத்தின் நிரந்தர நகைச்சுவைகளுள் ஒன்றாகிவிட்டது. காட்சியமைப்பிலோ நடிப்பிலோ பெரிய குறையில்லை. ஆனால் அந்த விசையை அழுத்துபவருக்குத் தயக்கமும் இல்லை, இழப்பும் இல்லை. துக்கத்தைக்கூட ஒரு சில்லறை வேலையாக முடித்துவிட்டு நகர வேண்டியிருக்கிறது.

இதற்குப் பயந்துகொண்டு, உணர்ச்சி வேண்டிய இடத்திலெல்லாம் கண்ட்ரோலரை, அதாவது ஆடுபவர் கையிலுள்ள கருவியை, பறித்துவிட்டு, அவர் பார்க்க மட்டுமே முடிகிற கட்சீன் எனும் காட்சியை ஓடவிடுவது புதிதாக எழுத வருபவர்கள் செய்யும் முதல் தவறு. இதற்கு நேர்மாறாகச் செய்து காட்டியவர் ஒரு திரைப்பட இயக்குநர் என்பது வேடிக்கைதான். சுவீடனில் படங்கள் இயக்கிக்கொண்டிருந்த யோசஃப் ஃபாரெஸ் 2013-இல் ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ என்ற விளையாட்டை இயக்கினார். நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிப் போகும் இரு சகோதரர்களின் கதை அது. கண்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணனை இயக்கும், வலப்பக்கம் தம்பியை. இருவரும் பேசுவது யாருக்கும் புரியாத ஒரு கற்பனை மொழி. தாய் நீரில் மூழ்கி இறந்ததைக் கண்ட தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்பதால், ஆறு குறுக்கிடும்போதெல்லாம் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டுதான் கடப்பான். விளையாட்டு வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் முடிவைச் சொல்வதில் பிழையில்லை. அண்ணன் இறந்துபோகிறான், அவனைக் குழிக்குள் இழுத்துக் கிடத்தி மண்ணைத் தள்ளி மூடுவதையும் நாமே செய்ய வேண்டும். ஊர் திரும்பும் வழியில் வெள்ளம் மறிக்கிறது, தம்பி இறங்க மறுக்கிறான், அவனுக்குரிய பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. நெடுநேரமாகச் சும்மா கிடந்த இடக்கை விரல் தற்செயலாக அண்ணனின் பொத்தானை அழுத்தும்போதுதான் தம்பி நீந்தத் தொடங்குகிறான். ஒரு சொல்கூடப் பேசப்படாமல், இறந்தவன் இருப்பவனுக்குள் வந்து சேர்ந்த செய்தி விரல் வழியாகவே நமக்கு எட்டிவிடுகிறது.

இந்த இடம் பலிப்பதற்குக் காரணம், அதற்கு முன் சில மணி நேரம் அந்த இடக்கை உழைத்திருந்தது. ஆடுபவர் ஒருமுறைகூடச் சார்ந்திராத பாத்திரத்தைக் கொன்றுவிட்டுக் கண்ணீரை எதிர்பார்ப்பது அடுத்த தவறு. 1997-இல் ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ விளையாட்டில் நாயகனின் அணியைச் சேர்ந்த ஏரித் என்ற பெண் கொல்லப்பட்டபோது பலர் அதிர்ந்துபோனதற்கு, தங்கள் அணியின் காயங்களை அதுவரை அவளைக்கொண்டு ஆற்றிவந்ததும் ஒரு காரணம். கதையில் ஏற்பட்ட இழப்பு ஆட்டத்திலும் ஓர் ஓட்டையாக விழுந்தது. அடுத்து வரும் சண்டைக்கு வழக்கமான போர் இசையைப் போடாமல், அவளுடைய இசையையே தொடர்ந்து ஒலிக்கவிட்டதும் நல்ல முடிவு.

தேர்வுகளைக் கொடுத்துவிட்டு அவற்றுக்கு விலை வைக்காமல் விடுவதை மூன்றாவதாகச் சொல்ல வேண்டும். நல்ல பதில், கெட்ட பதில் என்று இரண்டை எழுதிவைத்தால் ஆடுபவர் நல்லதை அழுத்திவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அதில் என்ன செலவு? லூக்கஸ் போப் 2013-இல் உருவாக்கிய ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ விளையாட்டில் நாம் ஓர் எல்லைச் சாவடி அதிகாரி. சரியாகச் சோதித்த ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் வீட்டு வாடகை, உணவு, குளிர்காயும் செலவு, மருந்து எல்லாம். ஒரு நாள், தாள்கள் அனைத்தும் சரியாக இருக்கும் ஒருவர் சாவடியைக் கடக்கும்போது, பின்னால் தம் மனைவி வருவதாகவும் இரக்கம் காட்டும்படியும் கேட்டுக்கொண்டு போகிறார். அடுத்து வரும் அந்தப் பெண்ணிடம் நுழைவு அனுமதி இல்லை. விட்டால் எச்சரிக்கைச் சீட்டு வரும். அன்றைய எச்சரிக்கைகள் முன்பே தீர்ந்திருந்தால் கூலியில் கைவைப்பார்கள். இரக்கத்தின் விலை என்ன என்பது இரவில் வீட்டுக் கணக்கைப் பார்க்கும்போது தெரியும்.

கதை ஒன்று சொல்ல ஆட்டவிதி வேறொன்று சொல்வதைப் பற்றி, ‘பயோஷாக்’ விளையாட்டை முன்வைத்து 2007-இலேயே விளையாட்டு வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் எழுதிவிட்டார். கட்சீனில் ஓர் உயிருக்காகக் கலங்கும் நாயகன், ஆட்டம் தொடங்கியதும் நூறு பேரைச் சுட்டுவிட்டுத் தோட்டா பொறுக்கினால் அந்தக் கலக்கத்தை யார் நம்புவார்கள்?

நம்மவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்பும் தவறு, விளக்கம். பண்பாட்டுக் கதை என்றாலே ஒரு பாத்திரம் எழுந்து நின்று பொங்கலையும் புடவையையும் பற்றிப் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறது. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ விளையாட்டு, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையை 1988-இலிருந்து சொல்கிறது. அதில் இட்லியின் பெருமை பேசப்படுவதில்லை. நாயகி வெண்பாவிடம் இருக்கும் அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போய்ச்சேரும் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். பின்னாளில், தமிழ் எழுத்தோடு தடுமாறும் வெண்பாவின் மகன் கவின் அதே குறிப்பேட்டைக் கையில் எடுக்கும்போது, அவன் எதை இழந்திருக்கிறான் என்பது யாரும் எடுத்துச்சொல்லாமலே நமக்குப் புரிகிறது, ஏனெனில் அந்தத் தட்டுகளை அடுக்கியவர்கள் நாம்.

கடைசியாக, சோதித்துப் பார்க்கும் முறை. நண்பரை ஆடவைத்துவிட்டு, அருகில் அமர்ந்து கதையை விளக்கிக்கொண்டிருந்து, முடிந்ததும் அழுகை வந்ததா என்று கேட்பது வீண்; மனம் நோகாதபடி ஆமாம் என்றுதான் சொல்வார். வாயை மூடிக்கொண்டு அவருடைய கட்டைவிரலைப் பாருங்கள். எழுதும்போது நீங்கள் எங்கே கலங்கினீர்களோ, அங்கே அந்த விரல் ஒரு நொடி நிற்கிறதா, அல்லது அடுத்த வசனத்துக்குத் தாவப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.