முதலில் டிரம், பிறகு ஸ்பேசர்: பழைய அம்பாசடருக்கு ஒரு செய்முறை விளக்கம்

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். என் அம்பாசடருக்கு முதன்முதலாக ஸ்பேசர் (சக்கரத்தைச் சற்று வெளியே தள்ள அதன் பின்னால் வைக்கும் உலோகத் தட்டு) போட்டிருந்த சமயம், அந்த மலையில் பாதி இறங்கும்போதே பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போக ஆரம்பித்தது. கூடவே இடது பின்சக்கரத்தில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். ஓரங்கட்டிப் பார்த்தால் இரண்டு நட்டு விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. ஸ்பேசர் போட்டுக்கொடுத்த பட்டறையில் பிரேக் டிரம்மின் (சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற பாகம்) முகத்திலிருந்த பெயிண்டையும் துருவையும் சுரண்டாமல் அப்படியே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். ஓடஓடப் பெயிண்ட் நசுங்கியது, நட்டு இளகிவிட்டது.

பிறகு கோவை குறிச்சிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் பெரியவர் ஒருவர் டிரம்மைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க தம்பி, டிரம்மு கோணையா இருந்தா ஸ்பேசரும் கோணையாத்தான் உக்காரும். மொதல்ல டிரம்மப் பாக்கோணுமுங்க." அன்றிலிருந்து இந்த வேலையை அந்த வரிசையில்தான் செய்கிறேன்.

கழற்றுவது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று இளக்கிவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஷூ (டிரம்மின் உள்பக்கம் அழுந்தி வண்டியை நிறுத்தும் பாகம்) அட்ஜஸ்டரையும் தளர்த்தினால் டிரம் எளிதாக வரும்.

உள்ளே இருக்கும் கருந்தூசியை வாயால் ஊதவோ காற்றுக்குழாயால் அடிக்கவோ வேண்டாம். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கில், பழையவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது; அதன் தூசி நுரையீரலில் தங்கிவிடும். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

டிரம் எதில் செய்தது?

பெரும்பாலான பழைய வண்டிகளில் டிரம் சாம்பல் வார்ப்பிரும்பு. மோட்டார் பம்புக்காக வளர்ந்த கோவை பவுண்டரிகளுக்கு இது கைவந்த உலோகம். இதில் கார்பன் சுமார் 3 முதல் 3.5 சதவீதம். அது இரும்புக்குள் மெல்லிய கிராஃபைட் தகடுகளாகப் பரவியிருக்கும். அந்தத் தகடுகள்தான் வெப்பத்தைக் கடத்துகின்றன, அதிர்வை விழுங்குகின்றன, உராய்வையும் தாங்க உதவுகின்றன. குறை, இழுவிசைக்கும் அடிக்கும் வார்ப்பிரும்பு விரிசல் விடும். டிரம்மைக் கழற்ற நேராகச் சம்மட்டியால் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

எஃகுத் தகட்டை வளைத்துச் செய்த கூட்டுக்குள் வார்ப்பிரும்பு வளையம் வைத்த டிரம்களும் உண்டு. அலுமினிய உடலுக்குள் இரும்பு வளையத்தை ஒட்டவார்த்த அல்ஃபின் வகை வேறு. அலுமினியத்தின் எடை இரும்பில் பாதிக்கும் குறைவு. வெப்பத்தையும் சீக்கிரம் வெளியேற்றும். ஆனால் லைனிங் உரசலை வெறும் அலுமினியம் தாங்காது என்பதால் உள்ளே இரும்பு வளையம் இருந்தே ஆக வேண்டும். அம்பாசடருக்கு நல்ல சாம்பல் வார்ப்பிரும்பே போதும் என்பது என் முடிவு.

உங்களிடம் இருப்பது எதுவென்று தெரிய எளிய வழி, லேத்தில் கடையும்போது கவனிப்பதுதான். சாம்பல் வார்ப்பிரும்பு கரும்பொடியாக உதிரும், விரலில் பென்சில் கரிபோல ஒட்டும். எஃகு சுருள்சுருளாக வரும். காந்தம் இரண்டிலும் ஒட்டும், அலுமினிய உடலில் ஒட்டாது.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, டிரம்மைக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். தெளிவாக ஒலிக்க வேண்டும். ஓட்டைப் பானை மாதிரி ஒலித்தால் அதை எடைக்குப் போட்டுவிடுங்கள். புது டிரம் வாங்கினாலும் உரசும் பரப்பில் வார்க்கும்போது காற்று சிக்கிய சிறுகுழிகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

அடுத்தது அளவு. உள்விட்டத்தை நான்கு திசைகளில் அளந்து பாருங்கள். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் கடைய அனுப்பிவிடுவேன். டிரம்மிலோ சர்வீஸ் கையேட்டிலோ உள்ள அதிகபட்ச விட்டத்தைத் தாண்டிக் கடையக் கூடாது. ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே அளவு இருக்கட்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மெலிந்த டிரம் சீக்கிரம் சூடாகும். 230 மில்லி விட்டமுள்ள இரும்பு டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் அரை மில்லி விரியும். ஷூ அந்த இடைவெளியைத் தாண்டித்தான் டிரம்மைத் தொட வேண்டும். வால்பாறையில் என் பெடல் ஆழமாகப் போனதற்கு ஒரு காரணம் இதுதான்.

ஸ்பேசர் தேவையா?

அகலமான டயரோ வேறு ரிம்மோ போட்டு, உள்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கிலோ டிரம்மிலோ உரசினால் தேவை. அழகுக்காக மட்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன். சக்கரம் வெளியே தள்ளப்படும் ஒவ்வொரு மில்லியும் பேரிங்குக்குக் கூடுதல் சுமை. முன்பக்கத்தில் ஸ்டீயரிங் கனக்கும். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே தெரியவும் கூடாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவையும் நினைவில் வையுங்கள். வண்டியின் அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்ற அது தடை போடுகிறது.

வாங்கும் முன் ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் மரைக்கம்பி) வட்டத்தின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். நான்கு ஸ்டட் என்றால் எதிரெதிர் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம். ஐந்து என்றால் அடுத்தடுத்த இரு மையங்களின் தூரத்தை 1.701-ஆல் பெருக்குங்கள். நடுத்துளை ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இறுக்கமாக உட்காரும் ஸ்பேசராக, திண்மமான அலுமினிய உலோகத்தில் கடைந்ததாக இருக்க வேண்டும். வாஷர்களை அடுக்கி ஒப்பேற்றும் வேலை உயிருக்கு ஆபத்து.

மெல்லிய தட்டு ஸ்பேசர் பழைய ஸ்டட்டின் மேலேயே உட்காரும். அங்கே மரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நட்டு பிடிக்கும் மரையின் நீளம் ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. 12 மில்லி ஸ்டட், மரைக்கு மரை 1.5 மில்லி இடைவெளி என்றால் குறைந்தது 8 முழுச்சுற்று. அரை அங்குல ஸ்டட், அங்குலத்துக்கு 20 மரை என்றால் 10 சுற்று. கையால் எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நீள ஸ்டட் மாற்றிய பிறகே ஸ்பேசர். தனி ஸ்டட்டோடு வரும் தடித்த வகையில், பழைய ஸ்டட்டின் நுனி ஸ்பேசரின் வெளிமுகத்தைத் தாண்டி நீட்டக் கூடாது.

பொருத்துவது

சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது நட்டு ஏற்படுத்தும் அழுத்தமும், முகத்துக்கு முகம் உண்டாகும் உராய்வும்தான். அதனால் டிரம் முகம், ஸ்பேசரின் இரு முகங்கள், ரிம்மின் முகம் ஆகிய நான்கையும் கம்பி பிரஷால் வெறும் உலோகம் தெரியத் தேயுங்கள். டிரம்மைப் பிடிக்கும் சிறு ஸ்க்ரூ இருந்தால் அதன் தலை முகத்துக்குள் அமிழ்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அட்ஜஸ்டருக்கான துளையை ஸ்பேசர் மறைக்கவும் கூடாது.

ஹப்பின் நடுவளையத்தில் மட்டும் துரு பிடிக்காமலிருக்க மெல்லிய பூச்சு. மரைகளில் கிரீஸ் வேண்டாம், அளவுக்கு மீறி முடுக்கிவிடுவீர்கள். ஸ்பேசரை வைத்து ஆடுகிறதா பாருங்கள், பிறகு சக்கரம். நட்டுகளை எதிரெதிராக, மூன்று தவணையாக, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்குங்கள். கடைசித் தவணை சக்கரம் தரையில் இருக்கும்போது.

ஸ்டீயரிங்கை இரு எல்லைக்கும் திருப்பி, பின்சீட்டில் ஆள் ஏற்றி, எங்காவது உரசுகிறதா பாருங்கள். பிரேக்கை அட்ஜஸ்ட் செய்துவிட்டு, ஆளில்லாத சாலையில் மெதுவாக அமுக்கி, வண்டி நேராக நிற்கிறதா என்று சோதியுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி முடுக்குங்கள். மலை இறங்கி வந்தால், டிரம் ஆறியபின் இன்னொரு தடவை. சூட்டில் அலுமினியம் எஃகு ஸ்டட்டைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிந்து சுருங்குகிறது. ஆழியாறு அணைக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது நான் டீயை முடித்துவிட்டு, ரென்ச்சை எடுத்துக்கொண்டு நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்த பிறகே பொள்ளாச்சிக்குக் கிளம்புவேன்.