ஜெய்சால்மர் மஞ்சளை ஏற்காட்டில் பூசாதீர்கள்

சேலத்திலிருந்து ராஜஸ்தானின் ஜெய்சால்மர் போய்வரும் போட்டோகிராஃபர்கள் பலர், அங்கிருந்து ஒரு மஞ்சளையும் கூடவே கூட்டி வந்துவிடுகிறார்கள். அப்புறம் ஏற்காடு ஏரியானாலும் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலானாலும் அதே மஞ்சள் ஃபில்டர்தான். பாலைவனம் பார்த்து ரசனை வளர்வது நல்ல விஷயம். ஆனால் அங்கே கற்க வேண்டியது நிறத்தை அல்ல, அந்த நிறம் வந்த வழியை.

1156-இல் ராவல் ஜைசல் கட்டத் தொடங்கிய கோட்டையும், பிறகு வந்த ஹவேலிகள் எனும் மாளிகைகளும் அந்த வட்டாரத்து மஞ்சள் மணற்கல்லில் எழுந்தவை. நிலமும் வீடும் ஒரே கல். வெயில் தெருவில் இறங்காதபடி சந்துகளைக் குறுக்கினார்கள். காற்று வர, சன்னல்களைக் கல்லிலேயே சல்லடைக் கண்களாகத் துளைத்தார்கள். இதைக் கவனித்தவர் கண்ணுக்குச் சேலத்தில் வேறு நிறங்கள் படும்: கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) குவியல், ஏற்காட்டில் வெட்டிய சரிவில் தெரியும் பாக்சைட் செம்மண், தாரமங்கலத்துத் தூண்களின் கருங்கல் சாம்பல்.

அந்த வெள்ளைக்கல் படத்தில் மங்கலாக வந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். வெளிச்சமான எதையும் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். ஜெய்சால்மர் பக்கத்துச் சாம் மணல்மேட்டிலும் ஏற்காட்டு மூடுபனியிலும் இதே கதைதான். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வைத்துப் பாருங்கள். ஒளியின் அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாமல் இருந்தால் சரி. நிறச் சாயலைத் தானே சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸும் மாலை வெயிலின் பொன்னிறத்தைக் குறைத்துவிடும்; வொயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள்.

உச்சிவெயிலில் படமே எடுக்கக் கூடாது என்பது பாதி உண்மை. மணல்மேட்டின் அலைகள் தெரியச் சாய்ந்த வெயில் வேண்டும்தான். ஆனால் ஜெய்சால்மர்ச் சந்துகளில் நடுப்பகலில்தான் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி நிழல் பக்கச் செதுக்கல்களை எழுப்பிக் காட்டும். தாரமங்கலத்திலும் மண்டபத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள்: வெளியே கல்தரையில் விழும் வெயில் உள்ளே எகிறி, தூணிலுள்ள யாளியின் தாடையைக் கீழிருந்து தொடும். அந்த வெளிச்சத்துக்கு ஃப்ளாஷ் ஈடாகாது. கோயிலுக்குள் படமெடுக்க முதலில் அனுமதி கேளுங்கள். வெள்ளைக்கல் சுரங்கத்துக்கும் அப்படியே. அனுமதி இல்லாவிட்டால் சாலையோடு நின்றுவிடுங்கள்.

அண்ணாந்து எடுத்த கோபுரம் பின்னால் சாய்ந்து நிற்கும். நன்றாகத் தள்ளிப்போய், கேமராவை நேராகப் பிடியுங்கள். மணல் பறக்கும் இடத்திலோ வெள்ளைக்கல் தூசியிலோ லென்ஸ் மாற்றவே வேண்டாம். அன்றைக்கு எந்த லென்ஸ் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.