முதன்முறையாக வரலட்சுமி நோன்பு எடுக்கிறவர்களுக்கு: கலசம் அமைப்பது முதல் புனர்பூஜை வரை

வரலட்சுமி விரதத்தைப் பரம்பரையாகச் செய்துவரும் வீடுகளில், மாமியார் மருமகளுக்கு நோன்பு எடுத்துக் கொடுப்பார். புதுப்பெண்ணின் முதல் வருடத்தைத் தலை நோன்பு என்று சொல்லி, பிறந்த வீட்டிலிருந்து அம்மன் முகமும் சீரும் வரும். அங்கே யாரும் எதையும் எழுதிவைத்துப் படிப்பதில்லை. கூடவே நின்று பூத்தொடுத்தும் மாவு கிளறியும் முறை பழகிவிடுகிறது. அப்படிப் பழகும் வாய்ப்பில்லாமல், பெரியவர்களை விட்டுத் தொலைவில் இருந்துகொண்டு, இந்த வருடமாவது எடுத்துவிட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மகாலட்சுமியை நம் வீட்டுக்கு விருந்தாளியாக அழைக்கிறோம். வியாழக்கிழமை மாலை வரவேற்பு, வெள்ளிக்கிழமை உபசாரம், சனிக்கிழமை "எங்களுடனேயே இரு தாயே" என்ற வேண்டுதல். பூஜையில் வரும் பதினாறு உபசாரங்களும் இதே வரிசையில்தான் அமைந்திருக்கின்றன: வந்தவளை அழைத்து, ஆசனம் கொடுத்து, கால் அலம்ப நீர் கொடுத்து, நீராட்டி, புடவை சார்த்தி, பூச்சூட்டி, உணவளித்து, தாம்பூலம் கொடுக்கிறோம். மந்திரம் தெரியாதவர்களும் இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் எந்த இடத்திலும் தடுமாற மாட்டார்கள்.

எந்த நாளில் எடுப்பது

சிராவண மாதப் பௌர்ணமிக்கு முன்பு வரும் வெள்ளிக்கிழமை நோன்புக்கு உரியது. சிராவணம் சாந்திரமான மாதம், அதாவது சந்திரனின் போக்கை வைத்துக் கணக்கிடும் மாதம் என்பதால், நம் சூரிய மாதக் கணக்கில் அது ஒரு வருடம் ஆடியிலும் மற்றொரு வருடம் ஆவணியிலும் விழுகிறது. 2023இல் ஆகஸ்ட் 25, ஆவணி 8. 2024இல் ஆகஸ்ட் 16, ஆடியின் கடைசி நாள். 2025இல் ஆகஸ்ட் 8, ஆடி 23. ஆகவே பழைய வருடத்துத் தேதியை நம்பாமல், அந்தந்த வருடத்துப் பஞ்சாங்கத்தையோ நாட்காட்டியையோ பார்த்துக்கொள்ளுங்கள். தீட்டு, மாதவிலக்கு, பயணம் போன்ற காரணங்களால் அன்று முடியாமல் போனால் அடுத்த வெள்ளிக்கிழமையிலோ நவராத்திரி வெள்ளியிலோ எடுக்கலாம் என்று பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். நாள் தவறிவிட்டதே என்று கலங்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் காலை 10.30 முதல் 12 மணி வரை. 9 மணிக்குள் பூஜைக்கு உட்கார்ந்தால் அதற்கு முன்பு நிதானமாக முடித்துவிடலாம். காலையில் இயலாதவர்கள் மாலையில் விளக்கேற்றும் வேளையில் செய்கிறார்கள்.

வியாழக்கிழமை: இடமும் கலசமும்

காலையிலேயே வீட்டைக் கழுவித் துடைத்து, வாசலில் மாக்கோலமும் செம்மண்ணும் இட்டு, நிலைப்படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலைத் தோரணம் கட்டிவிடுங்கள். அம்மன் கிழக்கு நோக்கி இருக்கும்படி ஓர் இடத்தைத் தேர்ந்து, மனைப்பலகையில் கோலமிட்டு வையுங்கள். மண்டபம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பலகைக்கு இருபுறமும் சிறு வாழைக்கன்றுகளைக் கட்டினாலே அந்த இடம் நிறைந்துவிடும். பின்னால் பட்டுத்துணி தொங்கவிடுகிறவர்கள், குத்துவிளக்கின் சுடர் அதைத் தொடாத தூரத்தில் இருக்கிறதா என்று அமர்ந்து ஒருமுறை, நின்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி கலசம். புதிதாகச் செய்கிறவர்கள் அதிகமாகச் சிரமப்படுவது இதில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெள்ளி, பித்தளை, செம்பு ஆகிய எந்தச் சொம்பாக இருந்தாலும் சரி. அதன் வாய் மட்டும் தேங்காயின் அடிப்பாகம் பாதியளவு உள்ளே இறங்கி உட்காரும் அகலத்தில் இருக்க வேண்டும். நான் முதல் வருடம் அகன்ற வாயுள்ள சொம்பை எடுத்து, தேங்காய் உள்ளே சரிந்து, அம்மன் முகம் ஒருபக்கமாகச் சாய்ந்து, நல்ல நேரம் முழுவதையும் அதை நிமிர்த்துவதிலேயே செலவழித்தேன். அதற்குப் பிறகு புதன்கிழமையே வெறும் சொம்பில் தேங்காயை வைத்துப் பார்க்காமல் விடுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சொம்பைப் புளியிட்டுத் தேய்த்து, நன்றாக உலர்த்தி, வெளிப்புறம் சந்தனமும் குங்குமமும் இடுங்கள். உள்ளே முக்கால் பங்கு பச்சரிசி நிரப்புங்கள். சில குடும்பங்களில் அரிசிக்குப் பதிலாக நீர் நிரப்பி, ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் போடுவார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எது என்று தெரிந்தால் அதையே பின்பற்றுங்கள். தெரியாவிட்டால் அரிசிதான் எளிது, கலசமும் ஆடாமல் நிற்கும். அரிசியின் மேல் சிறிது துவரம்பருப்பு, விரலி மஞ்சள், கொட்டைப்பாக்கு, ஓர் எலுமிச்சம்பழம், சில நாணயங்கள், இருந்தால் ஒரு பொன் நகை, காதோலை கருகமணி ஆகியவற்றைப் போட வேண்டும். தானியமும் மஞ்சளும் பொன்னும் ஒரே பாத்திரத்தில் சேர்வதைப் பாருங்கள். தனலட்சுமியும் தான்யலட்சுமியும் உள்ளிட்ட எட்டு லட்சுமிகளையும் வழிபட்ட பலன் இந்த ஒரு பூஜையில் கிடைக்கும் என்று சொல்வதன் பொருள் அந்தச் சொம்புக்குள்ளேயே இருக்கிறது.

சொம்பின் வாயில் மாவிலைக் கொத்தைச் செருகி, மஞ்சள் பூசிய தேங்காயைக் குடுமி மேலே இருக்கும்படி வையுங்கள். அம்மன் முகம் இருந்தால், அதன் பின்புறமுள்ள வளையங்களில் நூல் கோத்துத் தேங்காயோடு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். வெள்ளி முகம் இல்லையே என்று நோன்பை அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துத் தேங்காயில் அப்பி, மையால் கண்ணும் குங்குமத்தால் திலகமும் இட்டால், பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத முகம் அமைந்துவிடும். பிறகு பாவாடையோ ரவிக்கைத் துணியோ மடிப்பு வைத்துச் சுற்றி, கழுத்துக்கு நகையும் மாலையும், தலைக்குத் தாழம்பூவோ மல்லிகையோ சார்த்துங்கள்.

அந்தி சாய்ந்ததும் வாசலுக்கு அருகில் ஒரு பலகையில் கலசத்தை வைத்து, விளக்கேற்றி, வெண்பொங்கலோ பாலும் பழமுமோ நிவேதனம் செய்து, "மகாலட்சுமித் தாயே, எங்கள் வீட்டுக்கு எழுந்தருள வேண்டும்" என்று வாய்விட்டு அழையுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தி சுற்றுங்கள். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் சுண்ணாம்பின் காரத்தன்மையோடு சேரும்போது சிவக்கிறது. ஆகவே குங்குமம் கலக்காமலே நீர் சிவந்துவிடும். சில வீடுகளில் கலசத்தை அப்போதே உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள். சில வீடுகளில் வெள்ளி காலையில் இரண்டு சுமங்கலிகள் இருபுறமும் பிடித்து, பாடிக்கொண்டே உள்ளே எடுத்துவருகிறார்கள்.

அன்றிரவு செய்துவைக்க வேண்டியது நோன்புச் சரடு. ஒன்பது இழைப் பருத்தி நூலில் மஞ்சள் பூசி, ஒன்பது முடிச்சிட்டு, நடுவில் ஒரு பூவைக் கட்டுங்கள். அம்மனுக்கு ஒன்று, வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று, எதிர்பாராமல் வருகிறவர்களுக்காக இரண்டு மூன்று கூடுதலாக இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை: நைவேத்தியம்

இட்லி, வடை, பாயசம், சர்க்கரைப் பொங்கல், சுண்டல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அத்தனையையும் தனி ஒருவராகச் செய்ய முயன்று, பூஜைக்கு உட்காரும்போது களைத்துப் போயிருப்பதைவிட, கொழுக்கட்டையும் ஒரு பாயசமும் மட்டும் செய்து மனம் தெளிவாக அமர்வது நூறு மடங்கு மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

கொழுக்கட்டைக்கு ஒரு கப் பதப்படுத்திய பச்சரிசி மாவுக்கு ஒன்றரை கப் தண்ணீர் போதும். தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் கொதிக்க வைத்து, தீயைக் குறைத்து, மாவைத் தூவிக் கட்டிதட்டாமல் கிளறி, மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து ஈரத்துணியால் மூடிவிட வேண்டும். மாவு காய்ந்தால் சொப்பு, அதாவது பூரணத்தை மூடும் மேல்மாவு, விரிந்துபோகும். ஒரு கப் தேங்காய்த் துருவலுக்கு முக்கால் கப் வெல்லம் சேர்த்து, ஏலப்பொடி தூவி, கையில் உருட்ட வரும் வரை கிளறினால் பூரணம் தயார். விரல்களில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, மாவைக் கிண்ணம்போல் மெலிதாகச் செய்து, பூரணம் வைத்து மூடி, எட்டு முதல் பத்து நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். நிவேதனம் முடியும் வரை எதையும் ருசி பார்ப்பதில்லை என்பதால், உப்பையும் இனிப்பையும் அளந்து போடுவதே பாதுகாப்பு.

பூஜை செய்கிறவர் அது முடியும் வரை உண்ணாமல் இருப்பது வழக்கம். கர்ப்பிணிகளும் வேளை தவறாமல் மருந்து எடுக்கிறவர்களும் பாலோ பழமோ, தேவையானால் உணவோ உட்கொண்டுவிட்டே அமரலாம். உடலை வருத்தித்தான் லட்சுமியை மகிழ்விக்க வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை: பூஜை வரிசை

நுனி வாழையிலையில் அரிசியைப் பரப்பி, அதன் மேல் கலசத்தை அமர்த்துங்கள். முனை முறியாத பச்சரிசியில் மஞ்சளும் ஒரு சொட்டு நெய்யும் பிசறி அட்சதை செய்துகொள்ளுங்கள். பூ, குங்குமம், சந்தனம், தீர்த்தப் பாத்திரம், உத்தரணி (தீர்த்தம் எடுக்கும் சிறு கரண்டி), மணி, கற்பூரத் தட்டு, சரடு ஆகிய எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நடுவில் எழுந்து எழுந்து போனால் மனம் சிதறிவிடும்.

முதலில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் சார்த்தி, பழமும் வெல்லமும் நிவேதித்து, காரியம் தடையின்றி நடக்க வேண்டுங்கள். அடுத்தது சங்கல்பம். இன்ன நாளில், இன்ன பெயருள்ள நான், என் குடும்பத்தின் ஆரோக்கியத்துக்காகவும் செல்வத்துக்காகவும் மாங்கல்ய பலத்துக்காகவும் வரலட்சுமி பூஜை செய்கிறேன் என்று தமிழிலேயே சொல்லி, அட்சதையை வடக்கே போடலாம். மஞ்சள் பிள்ளையாரைச் சற்று வடக்கே நகர்த்திவிட்டு, கலசத்தின் மீது பூவும் அட்சதையும் இட்டு, தேவி இதில் எழுந்தருள வேண்டும் என்று கைகூப்புங்கள். இது ஆவாஹனம். இதற்குப் பிறகு உங்கள் முன்னால் இருப்பவள் வீட்டுக்கு வந்த விருந்தாளி.

ஆசனத்துக்கு ஒரு பூ, பாதத்துக்கும் கைக்கும் அருந்தவும் ஒவ்வோர் உத்தரணி நீர், நீராட்டுக்குப் பூவால் தொட்டுத் தெளிக்கும் நீர், வஸ்திரத்துக்குப் பஞ்சுமாலை, பிறகு சந்தனம், குங்குமம், புஷ்பம் என்று ஒவ்வோர் உபசாரத்தையும் பெயர் சொல்லிச் சமர்ப்பியுங்கள். அடுத்து லட்சுமி அஷ்டோத்திரத்தின் 108 நாமங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பூவாலோ குங்குமத்தாலோ அர்ச்சியுங்கள். உச்சரிப்பில் தயக்கம் இருந்தால் முந்தைய ஒரு வாரம் தினமும் மெதுவாகப் படித்துப் பழகுங்கள், வேகம் தேவையில்லை. தூபம், தீபம் காட்டி, நைவேத்தியத்தைச் சுற்றி நீர் தெளித்துச் சமர்ப்பித்து, தாம்பூலம் வைத்து, கற்பூர ஆரத்தி காட்டுங்கள்.

அதன் பிறகு சரடு பூஜை. சரடுகளை அம்மன் பாதத்தில் வைத்து, ஒன்பது முடிச்சுகளுக்கும் கமலா, ரமா, லோகமாதா என்று தொடங்கும் ஒன்பது நாமங்களைச் சொல்லிப் பூவிடுவது முறை. ஒன்றை அம்மனுக்குச் சார்த்திவிட்டு, மற்றொன்றை வீட்டிலுள்ள மூத்த சுமங்கலியிடமோ கணவரிடமோ கொடுத்து, வலது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள்.

சரடு கட்டிக்கொண்டு விரதக் கதை கேட்க வேண்டும். மகத நாட்டுக் குண்டினபுரத்தில் வாழ்ந்த சாருமதி, கணவரையும் மாமனார் மாமியாரையும் அன்போடு பேணிவந்தாள். அவள் கனவில் லட்சுமி தோன்றி, இந்த வெள்ளிக்கிழமையில் தன்னைப் பூஜிக்கும்படி சொன்னாள். சாருமதி அந்தச் சேதியைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் ஊர்ப் பெண்கள் எல்லோரிடமும் சொல்லி, அவர்களோடு சேர்ந்து பூஜித்தாள்; எல்லோரும் செல்வம் பெற்றார்கள். இதைச் சிவபெருமான் பார்வதிக்குச் சொன்னதாகக் கதை அமைந்திருக்கிறது. தமக்குக் கிடைத்த வரத்தை அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்தவள் என்பதால்தான் சாருமதியை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. மாலையில் சுமங்கலிகளையும் கன்னிப்பெண்களையும் அழைத்து, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழம், ரவிக்கைத் துணி, சுண்டல் கொடுப்பதும் அந்தக் கதையின் தொடர்ச்சிதான். ஆகவே புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுப் பெண்ணையும் மறக்காமல் கூப்பிடுங்கள்.

சனிக்கிழமை: புனர்பூஜை

காலையில் நீராடி விளக்கேற்றி, பூவும் குங்குமமும் இட்டு, சுண்டலோ பாலோ நிவேதித்துச் சுருக்கமாகப் பூஜை செய்யுங்கள். முந்தைய நாள் தவறுதலாக ஏதாவது விட்டுப்போயிருந்தால் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். பிறகு கலசத்தை இரண்டு கைகளாலும் பிடித்து வடக்குப் பக்கமாகச் சிறிது நகர்த்துங்கள். மாலையில் ஆரத்தி எடுத்து, மாலைகளைக் களைந்து, அம்மன் முகத்தை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட வேண்டும். அன்றிரவு அவள் நம் வீட்டுத் தானியத்தின் நடுவில் தங்குகிறாள். மறுநாள் முகத்தை எடுத்துத் துடைத்து, பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம்.

கலசத்தில் போட்ட நாணயங்களையும் நகையையும் எடுத்துப் பணப்பெட்டியில் வையுங்கள். விரலி மஞ்சளைப் பூசிக் குளிக்கப் பயன்படுத்தலாம். கலசத்து அரிசியையும் தேங்காயையும் பத்திரப்படுத்தி, அடுத்த வெள்ளிக்கிழமை அவற்றைக் கொண்டு பாயசம் வைத்து, விளக்கேற்றி நிவேதித்த பிறகு வீட்டில் உள்ள அனைவரும் சாப்பிடுங்கள்.