கடலில் கிடைத்த கறுப்புப் பெட்டியைக் கையாள்வது எப்படி?

நீரிலிருந்து எடுத்த கறுப்புப் பெட்டியை, அதாவது விமானத்தின் பதிவுக்கருவியை, காயவிடக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். காற்றுப் பட்டதும் உப்பு நீர் மின்சுற்றை வேகமாக அரிக்கும். தூக்கிய உடனே நன்னீரால் அலசி, நன்னீர் நிரம்பிய மூடிபோட்ட பெட்டியில் முழுக மூழ்கவைத்து, அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். (பெயர்தான் கறுப்பு, கண்கள் தேட வேண்டியது ஆரஞ்சு நிறத்தை.)

களத்தில் திறக்கவோ மின் இணைப்புக் கொடுக்கவோ வேண்டாம்: ஈரமான நினைவகப் பலகையில் மின்சாரம் பாய்ந்தால் தரவே அழியலாம். ஆய்வகத்தில் பலகையைக் கழுவி, குறைந்த வெப்பத்தில் உலர்த்தி, மின்தடையைச் சரிபார்த்த பிறகே தரவை இறக்குவார்கள்.

கருவி இருக்கும் இடத்தைக் காட்ட நீருக்கடியில் 37.5 கிலோஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும் பீக்கன் ஓய்ந்துவிட்டது என்பதற்காகத் தேடலைக் கைவிடாதீர்கள். 2009-ல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் பதிவுக்கருவிகள் 2011 மே மாதம் சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் கிடைத்தன. தரவைப் படிக்கவும் முடிந்தது.