கண்ணாடி அறையில் கரைந்த பணம்: புகைத் தடைச் சட்டத்தில் கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புதிதாகத் திறக்கவிருந்த ஓர் உணவகத்துக்குச் சென்றபோது, கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அறை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. எதற்கென்று கேட்கும் முன்பே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்தாண்டுகளுக்கு முன் நானே வேறொருவரைக் கட்டவைத்த அதே மாதிரிப் புகைக்கும் அறை அது. வடசென்னைக் கடைக்காரர்களுக்கு உரிமம் முதலிய வேலைகளில் உதவி வருகிறேன். புகைக்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையே வைக்காமல் விடுவது போன்ற, யாருக்கும் தெரிந்த தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

புகைக்கும் அறை

பொது இடங்களில் புகைப்பதைத் தடைசெய்யும் 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம், 30 அறைகளுக்குக் குறையாத தங்கும் விடுதி, 30 பேருக்குக் குறையாமல் அமரக்கூடிய உணவகம், விமான நிலையம் ஆகியவற்றுக்கு மட்டுமே தனிப் புகைக்குமிடத்தை அனுமதிக்கிறது. அதுவும் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். ராயபுரத்தில் நான் உதவிய பிரியாணிக் கடையில் 24 இருக்கைகளே இருந்தன. முதலாளி நடைபாதையில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு 32 என்று கணக்குக் காட்டினார், நானும் தலையாட்டினேன்.

எண்ணிக்கை சரியாக இருந்திருந்தாலும் அந்த அறை தேறியிருக்காது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, நான்கு பக்கமும் முழு உயரச் சுவர் வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் காற்று கட்டடத்தின் பிற பகுதிகளில் கலக்காமல் நேரே வெளியேற வேண்டும். அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எங்கள் கண்ணாடியோ ஏழடியோடு நின்றது, மேலே ஒரு முழம் திறந்தே கிடந்தது. திறப்பதற்கு முதல் நாள், சந்தேகம் வந்து ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவிடுக்கில் பிடித்தேன். உள்ளே இழுபட வேண்டிய புகை, சாப்பாட்டு மேசைகளை நோக்கி நிதானமாக நடந்தது. போதாக்குறைக்கு, அங்கே தேநீர் பரிமாறவும் முதலாளி ஏற்பாடு செய்திருந்தார். புகைப்பதைத் தவிர வேறெந்தச் சேவைக்கும் அந்த அறையைப் பயன்படுத்தக் கூடாது என்பதை அவருக்கு நான் சொல்லவேயில்லை.

ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் அவருக்கு நட்டமாகப் போயிற்று. அந்த அறையில் இன்று பாசுமதி மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. உள் அலங்கார வேலை எடுப்பவர்கள் இன்னும் இதே அறையை, இருக்கைகளை எண்ணிக்கூடப் பார்க்காமல், விலைபேசி வருவதைக் காணும்போது எரிச்சல் தாங்கவில்லை. எம்.சி. ரோட்டுக்காரர் அன்றே வேலையை நிறுத்தினார். கண்ணாடிக்குக் கொடுத்த முன்பணம் மட்டும் திரும்பவில்லை.

லைட்டர்

உணவக வாசலில் கயிற்றில் தொங்கும் லைட்டரும் தீப்பெட்டியும் சாம்பல் கிண்ணமும் புகைக்க உதவும் பொருட்களே. அகற்றிவிடுங்கள்.

பட்டறை

திருவொற்றியூர் லேத் பட்டறைக்காரர்கள் பலர், வாடிக்கையாளர் உள்ளே வருவதில்லை என்பதால் தங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்கிறார்கள். பணியிடமும் பொது இடம்தான்.

மின்சிகரெட்

2019 முதல் விற்பனை மட்டுமன்றி இருப்பு வைப்பதும் குற்றம்.

பலகையில் உள்ள பெயர்

60க்கு 30 சென்டிமீட்டருக்குக் குறையாத பலகையை வாசலிலும், ஒவ்வொரு தளத்திலும், மாடிப்படியிலும், லிஃப்ட் அருகிலும் சிரத்தையாக மாட்டுபவர்கள்கூட, யாரிடம் புகார் செய்யலாம் என்று அதில் எழுதும் பெயரில் சறுக்குகிறார்கள். புகைத்தவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை. புகார் வந்தும் பொறுப்பாளர் நடவடிக்கை எடுக்காவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை குற்றங்களுக்கான அபராதம் அவர்மீது விழும். சென்ற வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு மெஸ்ஸில், பலகையில் எழுதியிருந்த மேலாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது என்றார் மாஸ்டர்.