கருங்கல் தூளும் கடல்நீரும்: தொட்டிச் செடிகளுக்கு எவ்வளவு, எப்படி

மாடித் தோட்டத் தொட்டிகளில் ஒரே மண்கலவையைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது, மண்புழு உரம் தவறாமல் இட்டாலும் சில செடிகள் வெளிறியே நிற்பதுண்டு. அங்கே குறைவது கனிமச் சத்தாக இருந்தால் பாறைத்தூளும் கடல்நீரும் உதவக்கூடும். இரண்டிலும் சொல்லத்தக்க தழைச்சத்து இல்லை என்பதால், தொழு உரத்துக்கு மாற்றாக இவற்றைக் கருதக் கூடாது.

கல் உடைக்கும் கிரஷர்களில் குவிந்து கிடக்கும் கருங்கல் தூளே போதுமானது. கழுவிய எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) நுண்தூள் பெரும்பாலும் நீங்கிவிடுவதால் அது பயன்படாது. கால்சியமும் மக்னீசியமும் இரும்பும் மிகுந்த பசால்ட் என்னும் எரிமலைப் பாறை தமிழகக் குவாரிகளில் அரிது என்றாலும், பல்லாவரம் குன்றுகளில் காணப்படும் சார்னோக்கைட் போன்ற கருமையான கல்லின் தூள், வெளிறிய கல்லின் தூளைவிடப் பொதுவாக மேலானது. ஒரு சிட்டிகைத் தூளில் வினிகர் விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. ஏற்கெனவே காரத்தன்மை உள்ள மண்ணில் அதை இட்டால் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் இலை மேலும் மஞ்சளாகும்.

தூளைப் பழைய மாவுச் சல்லடையில் சலித்து, மிக நுண்ணியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் அணிந்து, காற்றில்லாத நேரத்தில் சலித்து, உடனே நீர் தெளித்து ஈரமாக்கிவிட வேண்டும். பாறை தானாக எளிதில் கரையாது; மட்கும்போது உருவாகும் அமிலங்களும் நுண்ணுயிர்களுமே அதை மெல்லக் கரைக்கின்றன. ஆகவே 10 கிலோ மட்கும் குப்பைக்கு அரைக் கிலோ தூள் கலந்து, உரம் முழுதாக மட்கும்வரை ஈரப்பதத்துடன் வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறை தொட்டிகளுக்கு இட்டால் போதும். அடுத்த வாரமே பலன் தேடுவோருக்கு ஏற்ற முறை இதுவன்று.

கடல்நீரில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் சுமார் 30 கிராம் சோடியமும் குளோரைடும்தான். மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம் அளவே. இரும்பும் துத்தநாகமும் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவே. சாக்கடை கலக்காத கடற்கரையிலிருந்து எடுத்த நீர் ஒரு பங்குக்கு நல்ல நீர் 100 பங்கு கலந்தாலும், லிட்டருக்குச் சுமார் 350 மில்லிகிராம் உப்பு சேர்ந்துவிடும். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் டிடிஎஸ் (லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) ஏற்கெனவே 1000-ஐ நெருங்கினால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

மழைநீரோ நன்னீரோ கிடைப்பவர்கள், அடியில் நன்றாக நீர் வடியும் ஒரே ஒரு தொட்டியில், இப்படி 100 பங்கு நீர் கலந்த கடல்நீரை முதலில் ஊற்றிப் பார்க்கலாம். மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தென்னையும் பீட்ரூட்டும் உப்பைத் தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் தாங்கா. இலை விளிம்பு கருகத் தொடங்கினால், அடித்துளை வழியே வழிந்தோடும்வரை நன்னீர் விட்டு உப்பை வெளியேற்ற வேண்டும்.

என்னைக் கேட்டால், கடல்நீரைவிடக் கடற்பாசிச் சாறே பாதுகாப்பானது. மண்டபம், ராமேசுவரம் பகுதிகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து பிழியப்படும் சாற்றில் பொட்டாசியத்துடன் வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு. கடையில் வாங்கும் சாற்றைக் குப்பியில் குறித்துள்ள அளவில் நீரில் கலந்து, மாலையில் இலைகளின் இருபுறமும் தெளிக்கலாம்.