ஐகர் வடக்குச் சுவரைக் கீழ இருந்தே படிக்கிறது எப்படி

ஸ்விட்சர்லாந்து போறவங்க நிறைய பேர் கிளைனே ஷைடெக் ஸ்டேஷன்ல ட்ரெயின் மாறி நேரா மலை மேல இருக்கிற யுங்ஃப்ராயோக் ஸ்டேஷனுக்குப் போயிடுறாங்க, எதிர்ல நிக்கிற ஐகர் மலையை ஒரு செல்ஃபி எடுக்கிறதோட சரி. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. ஒரு பைனாகுலர் இருந்தா போதும், கிட்டத்தட்ட 1800 மீட்டர் உசரமான அந்தச் சுவர்ல மனுஷங்க ஏறின வழியை ஸ்டேஷன் பக்கத்துல நின்னே பாத்துடலாம்.

காலைல போனா முழுக்க நிழல், ஒண்ணும் பிரிஞ்சு தெரியாது. கோடைல சாயங்கால வெயில் சுவர்ல விழுற நேரம்தான் சரி. ஜூன் மாசம்னா இன்னும் நல்லது, கோடை போகப் போக ஐஸ் உருகி வெறும் பாறையும் சரளையும்தான் தெரியும்.

முதல்ல ஜன்னலைத் தேடுங்க. ரயில் பாதை ஐகருக்குள்ளயே குடைஞ்சு போகுது, பழைய ஐகர்வாண்ட் ஸ்டேஷன் ஜன்னல் சுவர்ல குட்டிப் புள்ளியா தெரியும். அதைக் கண்டுபிடிச்சாத்தான் சுவரோட சைஸ் மண்டைல ஏறும்.

அடுத்து வலது பக்கம் செங்குத்தா நிக்கிற சிவந்த பாறை, ரோட்டே ஃப்ளூ. அதுக்கு அடியில இடது பக்கமா போற வழவழப்பான பாறைதான் ஹின்டர்ஷ்டாய்ஸர் ட்ராவர்ஸ் (ட்ராவர்ஸ்னா மேல ஏறாம பக்கவாட்டுல கடக்கிற இடம்). இங்க அவசரப்படாதீங்க. 1936 ஜூலைல ஆண்ட்ரியாஸ் ஹின்டர்ஷ்டாய்ஸர் கயித்தை நம்பி சாஞ்சு சாஞ்சு இதை முதல்ல கடந்தாரு, கூட வந்த மூணு பேரும் கடந்ததும் கயித்தை உருவிட்டாங்க, மேல ஒருத்தருக்குக் கல்லடி பட்டு திரும்பி வந்தா பாறை பூரா ஐஸ், கடக்கவே முடியல. நேரா கீழ இறங்கப் பாத்ததுல மூணு பேர் இறந்துட்டாங்க, டோனி குர்ட்ஸ் மட்டும் ராத்திரி பூரா குளிர்ல தாக்குப்பிடிச்சாரு. மறுநாள் ரயில் சுரங்கத்து வழியா வெளிய வந்த கைடுங்க சில மீட்டர் கீழதான் நிக்கிறாங்க, ஆனா அவர் இறங்கறதுக்காக ரெண்டு கயித்தைச் சேத்துக் கட்டின முடிச்சு காரபைனர்ல, அதாவது கயிறு ஓடுற உலோகக் கொக்கில, மாட்டிக்கிச்சு. ஒரு கை விறைச்சுப்போன மனுஷன் அந்த முடிச்சோட போராடியே உயிரை விட்டாரு. அந்த முடிச்சை நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல. இப்ப அங்க நிரந்தரமா கயிறு கட்டியிருக்கு.

அங்கருந்து மேல வாங்க. நடுவுல அகலமா கிடக்கிற ஐஸ் பரப்பு ரெண்டாவது ஐஸ்ஃபீல்டு, அதுக்கு மேல 1935ல மாக்ஸ் ஸெடில்மாயரும் கார்ல் மெஹ்ரிங்கரும் இறந்துபோன இடம். அப்புறம் இடது பக்கமா சாய்வா ஏறுற பாறைப் பாதை, ராம்ப், திரும்ப வலது பக்கமா ஒரு ட்ராவர்ஸ், அது கொண்டுபோய் விடுற ஐஸ்தான் வெள்ளைச் சிலந்தி. மேல இருந்து விழுற கல்லும் பனியும் எல்லாம் இது வழியாத்தான் வரும். 1938ல ஹெக்மெயர், ஃபோர்க், ஹாரர், கஸ்பாரெக் நாலு பேரும் இங்க பனிச்சரிவுல மாட்டியும் பிடியை விடல, ஜூலை 24 உச்சிக்குப் போய்ச் சேந்தாங்க.

நேரம் இருந்தா ஐகர்க்ளெட்ஷர் ஸ்டேஷன்ல இருந்து ஆல்பிக்லென் வரைக்கும் சுவரோட அடிவாரத்துலயே ஐகர் ட்ரெயில்ல நடங்க, இறக்கம்தான், ரெண்டு மணி நேரம் ஆகும். ஆனா ஷைடெக்ல பாத்துட்டு அப்புறம் போங்க, அடியில நின்னு அண்ணாந்தா மேல்பாதி மறைஞ்சுடும். பனி முழுசா போகலேன்னா ட்ரெயில் திறக்க மாட்டாங்க, கேட்டுட்டுக் கிளம்புங்க.